சுடப்பட்டவர் படுக்கையில் பதவியேற்றார்: கென்டக்கி, 1900

ஜனவரி 11, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

லூயிவில் அக்காவுக்கு: நீங்கள் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருபது ஆண்டுகளாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே 1899இல் நடந்த ஆளுநர் தேர்தலில் தோற்றவரைச் சட்டமன்றம் ஆளுநராக்கியது, அவர் துப்பாக்கிக் காயத்தோடு படுக்கையில் கிடந்தபடியே பதவியேற்றார், சில நாள்களில் இறந்தார் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் இது பட்டப்பகல் திருட்டு. சுடப்பட்டார் என்பதற்காக அவருக்குச் சிலை வைத்தது எந்த நியாயம்?

ஜனவரி 11, இரவு

உண்மை. அவர் பெயர் வில்லியம் கோபெல். ஜனநாயகக் கட்சிக்காரர். 1899 நவம்பர் 7இல் தேர்தல். குடியரசுக் கட்சியின் வில்லியம் டெய்லர் 1,93,714 வாக்குகள், கோபெல் 1,91,331. வித்தியாசம் 2,383. கோபெலோடு பிணங்கிப் பிரிந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நிறுத்திய முன்னாள் ஆளுநர் ஜான் யங் பிரவுன் சுமார் 12,000 வாக்குகளைப் பிரித்துக்கொண்டார். அந்த 12,000தான் கோபெலைக் கவிழ்த்தது.

1900 ஜனவரி 30 காலை, தலைநகர் பிராங்க்ஃபர்ட்டில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் அவர் சுடப்பட்டார். மறுநாள் ஆளுநராகப் பதவியேற்றார். பிப்ரவரி 3 மாலை இறந்தார். அமெரிக்க வரலாற்றில் பதவியில் இருக்கும்போது கொலையுண்ட மாநில ஆளுநர் அவர் ஒருவர்தான்.

திருட்டா என்று கேட்டால், என் பதில் ஆம். தேர்தலுக்கு முந்தைய ஆண்டே தனக்கு வேண்டியவர்களை வைத்து ஒரு தேர்தல் ஆணையத்தை அமைக்கச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். அந்த ஆணையமே அவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தது. இதற்குமேல் என்ன சொல்ல?

ஜனவரி 12, காலை 6 மணி

நேற்று இரவு எழுதியதில் கடைசிப் பத்தி தவறு. அதை அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் கீழே.

அந்த ஆணையம் கோபெலுக்கு வெற்றி தரவில்லை. டெய்லருக்குத் தந்தது. மூன்று உறுப்பினர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், மூவரும் கோபெலின் சட்டத்தால் பதவிக்கு வந்தவர்கள். அப்படியிருந்தும் இரண்டுக்கு ஒன்று என்று டெய்லரின் வெற்றிக்குச் சான்றளித்தார்கள். 1899 டிசம்பர் 12இல் டெய்லர் முறைப்படி ஆளுநராகப் பதவியேற்றார். கோபெலை ஆளுநராக்கியது அதன் பிறகு கூடிய சட்டமன்றம்.

இது சிறு பிழை அன்று. இரவு முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மனிதர்கள் தம் கட்சிக்கு எதிராக, தம்மை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவருக்கு எதிராக, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் அவர்களை ஒரே வரியில் கூலியாள்களாக ஆக்கிவிட்டேன். அவர்கள் பெயர்: டபிள்யூ. எஸ். பிரையர், டபிள்யூ. டி. எல்லிஸ். பிரையர் இந்த மாநில உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். எல்லிஸ் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். மூன்றாமவர் பாயின்ட்ஸ், அவர் மட்டும் உடன்படவில்லை.

பிரையரும் எல்லிஸும் சொன்ன காரணம் எளியது. மாவட்டங்களிலிருந்து வந்த எண்ணிக்கையைக் கூட்டி அறிவிப்பது எங்கள் வேலை. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் புகுந்து, இந்த வாக்கு செல்லும், அந்த வாக்கு செல்லாது என்று தீர்ப்பு வழங்க நாங்கள் நீதிமன்றம் அல்லர்.

ஜனவரி 12, பிற்பகல்

பெயரில் பலருக்குக் குழப்பம். இவர் கோபெல். ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வேறு. அதேபோல் பிராங்க்ஃபர்ட், ஜெர்மனியில் உள்ள பெருநகரம் அன்று; கென்டக்கி ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். கோபெலின் பெற்றோர் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்தாம்.

இன்னொன்று. இங்கே ஆளுநர் என்றால் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் ஊர் ஆளுநரை மனத்தில் வைத்துப் படித்தால் இவ்வளவு ரத்தம் எதற்கு என்று புரியாது.

ஜனவரி 14

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். கோபெல் தேர்தல் சட்டம், 1898. மூன்று பேர் கொண்ட மாநில ஆணையத்தைச் சட்டமன்றம் நியமிக்கும். அந்த மூவர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூவர் குழுவை நியமிப்பார்கள். மாவட்டக் குழு வாக்குச்சாவடி அலுவலர்களை நியமிக்கும். சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. ஆக, உச்சியில் ஊற்றினால் கடைசி வாக்குச்சாவடி வரை வடியும்படி ஒரு வாய்க்கால் வெட்டினார். அப்போதைய ஆளுநர் பிராட்லி குடியரசுக் கட்சிக்காரர். மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. கோபெலின் கட்சிக்குள்ளேயே பலர் முகம் சுளித்தார்கள்.

அவர் பக்கத்து வாதமும் உண்டு. 1895இல் கென்டக்கி வரலாற்றில் முதன்முறையாகக் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் ஆளுநரானார், அவர்தான் பிராட்லி. அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லி இந்த மாநிலத்தை 300க்கும் குறைவான வாக்குகளில் வென்றார். மாநிலம் முழுவதிலும் 300! மாவட்ட அலுவலர்கள் கள்ளக் கணக்கு எழுதிவிட்டார்கள் என்று கோபெலின் ஆள்கள் நம்பினார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்றார் அவர்.

கள்ளக் கணக்குக்கு மருந்தாக, கணக்கு எழுதும் பேனாவையே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மருந்தா? நான் தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் எழுத்தராகப் பணியாற்றுபவள். இன்றைய கென்டக்கியில் ஒரு சாவடிக்கு நான்கு அலுவலர்கள்: இரண்டு நீதிபதிகள், ஒரு ஷெரிஃப், ஒரு எழுத்தர். பெயர்தான் நீதிபதி, வழக்கு எதுவும் விசாரிப்பதில்லை. இரண்டு நீதிபதிகளும் வெவ்வேறு கட்சியினராக இருக்க வேண்டும். விடியற்காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கோபெல் சட்டத்தில் இல்லாதது அந்தப் பார்வைதான்.

ஜனவரி 15

"ஒரு ரயில் கம்பெனிக்கும் தேர்தலுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்ட தம்பிக்கு: எல்லாத் தொடர்பும். விடுமுறை நாளில் விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 18

லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே. சுருக்கமாக எல் அண்ட் என். இந்த ஊர்க்காரர்களிடம் அந்த எழுத்துகளைச் சொன்னால் இன்றும் முகம் மலர்கிறது, தாத்தா வேலை பார்த்த கம்பெனி என்பார்கள். 1890களில் விவசாயிகளின் முகம் மலரவில்லை. புகையிலையையும் நிலக்கரியையும் ஏற்றிச்செல்ல வேறு வழியில்லாத ஊர்களில் ரயில் நிறுவனம் வைத்ததுதான் கட்டணம். தலைவர் மில்டன் ஸ்மித். இயக்குநர் குழுத் தலைவராக நியூயார்க் வங்கியாளர் ஆகஸ்ட் பெல்மான்ட். மாநில ரயில்வே ஆணையத்துக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் வேண்டும் என்று வந்த மெக்கார்ட் மசோதாவைக் கோபெல் தூக்கிப் பிடித்தார். அதையும் பிராட்லி தடுத்தார். 1899 தேர்தலில் தன் எதிரி டெய்லர் அல்லர், ரயில் நிறுவனம்தான் என்று கோபெல் ஊர் ஊராகச் சொன்னார். நிறுவனமும் பணத்தைத் தண்ணீராய் இறைத்தது, கோபெலுக்கு எதிராக.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மதிப்பு வருகிறது, மறைக்க மாட்டேன். கோபெலின் இளமையைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: 1856இல் பென்சில்வேனியாவில் பிறந்தார், சிறுவயதில் குடும்பம் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள கோவிங்டனுக்கு வந்தது, முன்னாள் ஆளுநர் ஸ்டீவன்சனின் அலுவலகத்தில் தொழில் கற்றார், 1887 முதல் மாநில செனட்டர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மேடைப் பேச்சு வராது. தோளில் கைபோட்டுச் சிரிக்கத் தெரியாது. பேசத் தெரியாத, பழகத் தெரியாத ஒருவர், சட்டத்தின் பிரிவுகளை மட்டும் நம்பி ஒரு மாநிலத்தையே தன் பக்கம் இழுத்தார் என்பது வியப்பு.

ஆனால் சான்ஃபர்ட் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஜான் சான்ஃபர்ட், கோவிங்டனில் வங்கியாளர், உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்தவர். சாலைச் சுங்கத்தை ஒழிக்கக் கோபெல் எடுத்த நடவடிக்கையால் அவருக்கு நட்டம். பகை வளர்ந்தது. கோபெல் ஒரு பத்திரிகையில் அவரைப் பால்வினை நோயின் பெயரால் அழைத்து எழுதினார். 1895 ஏப்ரல் 11, வங்கி வாசலில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். "அதை எழுதியது நீதானா?" என்ற பொருளில் சான்ஃபர்ட் கேட்டார். ஆமாம் என்றார் கோபெல். இரண்டு கைத்துப்பாக்கிகள் வெடித்தன. சான்ஃபர்டின் குண்டு கோபெலின் ஆடையைத் துளைத்துப் போனது. கோபெலின் குண்டு சான்ஃபர்டின் தலையில் பாய்ந்தது. யார் முதலில் சுட்டார் என்று நேரில் பார்த்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. தற்காப்பு என்று கோபெல் விடுபட்டார்.

கென்டக்கியில் பதவியேற்பவர்கள் இன்றும் ஓர் உறுதிமொழி எடுக்கிறார்கள்: கொலைக்கருவியோடு நான் யாருடனும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை போட்டதில்லை, அதற்குச் சவாலும் விட்டதில்லை என்று. முதன்முறை அதைக் கேட்டபோது இந்தக் காலத்தில் இது எதற்கு என்று நினைத்தேன். கோபெலைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

ஜனவரி 18, இரவு

மேலே உள்ள குறிப்பில் ஒரு விஷயம் விட்டுப்போனது. கட்சி வேட்பாளராக அவர் எப்படி வந்தார் என்பது. 1899 ஜூன், இதே லூயிவில், மார்க்கெட் தெருவில் இருந்த மியூசிக் ஹால். மூன்று பேர் போட்டி: ஹார்டின், ஸ்டோன், கோபெல். முன்னணியில் இருந்தவர் ஹார்டின். கோபெலும் ஸ்டோனும் கைகோத்து ஹார்டினை ஓரம்கட்டினார்கள். காரியம் முடிந்ததும் கோபெல் ஸ்டோனைக் கைவிட்டார். கூச்சல், ஊதுகுழல், பாட்டு, போலீஸ். நாள்கணக்கில் இழுத்து, 26ஆம் சுற்றில் கோபெல் வென்றார். அங்கே ஏமாந்தவர்களின் கசப்புதான் பிரவுனை நிறுத்தியது, அதாவது அந்த 12,000 வாக்குகள். ஜூனில் விதைத்தார், நவம்பரில் அறுத்தார்.

ஜனவரி 19

ஹியூயி லாங்கும் ஆளுநராக இருந்து சுடப்பட்டவர்தானே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். 1935இல் சுடப்பட்டபோது லாங் அமெரிக்க செனட்டர். லூசியானா ஆளுநர் பதவியை அதற்கு முன்பே விட்டுவிட்டார். நான் முதல் நாள் எழுதியது நிற்கிறது.

ஜனவரி 22

வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கென்டக்கியில் 1891 வரை மாநிலத் தேர்தலில் வாக்குச்சீட்டே கிடையாது. வாக்காளர் அதிகாரி முன் நின்று வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். சுற்றிலும் நிற்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள்: கடன் கொடுத்தவர், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவில் வேறெங்கும் ஒழிந்த பிறகும் இந்த முறை இங்கே நீடித்தது. அதே மாநிலத்தில்தான், 1888இல், லூயிவில் நகரம் தன் உள்ளாட்சித் தேர்தலுக்கு ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே முதல். எங்கள் ஊரின் பெருமை என்று குதிரைப் பந்தயத்தைச் சொல்கிறார்கள். நான் இதைச் சொல்வேன்.

ஆக 1899இல் மாநிலம் முழுவதற்கும் ரகசிய வாக்கு என்பது எட்டே வயதுக் குழந்தை. அந்தத் தேர்தலில் கோபெல் தரப்பு எழுப்பிய புகார்களில் ஒன்று: கிழக்கு மலை மாவட்டங்கள் சிலவற்றில் வாக்குச்சீட்டுகள் மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருந்தன. மடித்தாலும் குறி வெளியே தெரியும். அவை எல்லாம் செல்லாது என்றார்கள். இன்னொரு மாவட்டத்தில் டெய்லரின் பெயரில் முன்னெழுத்து தவறாக அச்சாகியிருந்தது, அந்த வாக்குகளும் செல்லாது என்றார்கள். தேர்தல் நாளில் லூயிவிலில் பிராட்லி ராணுவத்தை இறக்கி வாக்காளர்களை அச்சுறுத்தினார் என்பது மற்றொரு புகார். ரயில் நிறுவனம் தன் தொழிலாளர்களை நிர்ப்பந்தித்தது என்பது நான்காவது.

முதலில் படித்தபோது மெல்லிய தாள் புகாரை வக்கீல் தந்திரம் என்று ஒதுக்கினேன். பிறகு என் கையில் நாள் முழுவதும் புழங்கும் வாக்குச்சீட்டை நினைத்துப் பார்த்தேன். அட்டைபோலத் தடித்த தாள். அதை வாங்கிக்கொள்ளும்போதே ஒரு மறைப்பு உறையும் தருகிறோம், வட்டத்தை நிரப்பிய பிறகு அதற்குள் வைத்து இயந்திரம் வரை எடுத்துச்செல்ல. ஒருமுறை ஒரு முதியவர் உறை வேண்டாம் என்று திறந்தபடியே பிடித்துக்கொண்டு நடந்தார். என் கண் தற்செயலாகக் கூட அதன்மேல் விழக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தாளின் தடிமன் அற்ப விஷயம் அன்று. கம்பெனியின் குடியிருப்பில் இருந்துகொண்டு, கம்பெனியின் மேற்பார்வையாளர் பார்க்க வாக்களிப்பவருக்கு அந்தத் தாள்தான் சுவர். எனவே புகாரில் உண்மை இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அதற்குத் தண்டனை யாருக்கு? தாளை வாங்கியது அதிகாரி. வாக்களித்தது ஏழை மலைக்காரர். தாள் மெல்லியது என்று அவர் வாக்கைக் கிழித்துப்போட்டால், அச்சுறுத்தப்பட்டவரையே இரண்டாம் முறையும் தண்டித்ததாகும். இதில் நான் அசைய மாட்டேன்.

ஜனவரி 23

"ஒரு வாக்கு இப்படி அப்படிப் போனால் என்ன" என்று எழுதியவருக்கு என் அனுபவம் ஒன்று.

ஒரு தேர்தலில் மாலை 6 மணிக்குச் சாவடியை மூடினோம். வாக்களிக்க வந்தவர்களின் கையெழுத்து 611. இயந்திரம் எண்ணியது 610. பதினான்கு மணி நேரம் நின்ற கால்கள். ஒன்றுதானே, எழுதிவிட்டுப் போகலாம் என்று எனக்கே தோன்றியது. குடியரசுக் கட்சி சார்பில் இருந்த நீதிபதி, ஓய்வுபெற்ற பெரியவர், கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வித்தியாசம் எங்கே போனது என்று தெரியாமல் என் பெயர் இந்தத் தாளில் வராது என்றார். ஜனநாயகக் கட்சி நீதிபதியான பெண்மணி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது நிமிடங்கள் தேடினோம். கெட்டுப்போன சீட்டுகளைப் போடும் உறையில் கிடைத்தது. யாரோ தவறாக நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியது வாங்காமலே போயிருக்கிறார். அவரை நான்தான் கவனித்திருக்க வேண்டும்.

பிரையரையும் எல்லிஸையும் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் முகம் வருகிறது.

ஜனவரி 25

சட்டமன்றம் என்ன செய்தது என்பது. 1900 ஜனவரி தொடக்கத்தில் கூடியதும், தேர்தல் முடிவை எதிர்த்துக் கோபெல் தரப்பு முறையிட்டது. முறையீட்டை விசாரிக்க 11 பேர் குழு. உறுப்பினர் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும் என்பது விதி. குலுக்கினார்கள். 11 பேரில் ஒரே ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர். சட்டமன்றத்திலோ பத்துக்கு நான்கு பேர் ஏறத்தாழ அந்தக் கட்சியினர். என் மகனிடம் கணக்குப் போடச் சொன்னேன். நேர்மையாகக் குலுக்கினால் நூற்றுக்கு மூன்று முறை இப்படி வரலாம் என்றான். வரவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் பிராங்க்ஃபர்ட்டில் அதை யாரும் தற்செயல் என்று நம்பவில்லை.

அதே நாள்களில், எல் அண்ட் என் ரயிலில், கிழக்கு மலைப்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆண்கள் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்கள். டெய்லரின் ஆதரவாளர்கள். அந்த ரயிலில் வந்தவர்கள் பலர் விவசாயிகள், தம் வாக்கைப் பறிக்கிறார்கள் என்று உண்மையாகவே நம்பியவர்கள். அவர்கள் கோபத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. துப்பாக்கியை அல்ல.

ஜனவரி 31

நேற்று பிராங்க்ஃபர்ட் போய் வந்தேன். வேண்டுமென்றே ஜனவரி 30 அன்று போனேன். லூயிவிலிலிருந்து ஒரு மணி நேரம்.

பழைய சட்டமன்றக் கட்டடம் 1830இல் முடிந்தது. கிரேக்கக் கோயில் போன்ற முகப்பு, வெளிறிய சுண்ணாம்புக்கல் தூண்கள். முன்னால் கோபெலின் சிலை. குளிர் எலும்பைத் தொட்டது, புல்வெளியில் என்னைத் தவிர யாரும் இல்லை. காலை 11 மணியைத் தாண்டிய நேரத்தில் அந்த நடைபாதையில் நின்றேன். அந்த நேரத்தில்தான் அவர் ஜாக் சின், எஃப் லில்லர்ட் என்ற இரு நண்பர்களோடு செனட்டுக்கு நடந்து வந்தார். பக்கத்து அரசு அலுவலகக் கட்டடத்திலிருந்து சுட்டார்கள். மாநிலச் செயலாளரின் அலுவலகச் சன்னலிலிருந்து என்பது பின்னால் வழக்கில் சொல்லப்பட்டது. குண்டு மார்பில் பாய்ந்தது. கேப்பிட்டல் ஹோட்டலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயது 44.

நான் நின்றுகொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. கட்டடத்துக்கு முன்னால் உள்ள பிராட்வே தெருவில், தெருவின் நடுவிலேயே, தண்டவாளம். ஒரு சரக்கு ரயில் கடைகளை உரசுவதுபோல் மெல்ல ஊர்ந்து போனது. பழைய எல் அண்ட் என் பாதை அது. சிலைக்கும் ரயிலுக்கும் இடையே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று நடந்ததைத் தொடர்கிறேன். டெய்லர் உடனே கிளர்ச்சி நிலை என்று அறிவித்து, ராணுவத்தை வரவழைத்து, சட்டமன்றத்தைப் பூட்டினார். லண்டன் என்ற ஊரில் கூடுமாறு உத்தரவிட்டார். இங்கிலாந்து லண்டன் அன்று, கென்டக்கி மலைப்பகுதியில் அவர் கட்சிக்குப் பலமுள்ள சிற்றூர். ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் போக மறுத்து, கேப்பிட்டல் ஹோட்டலில் தாங்கள் மட்டும் கூடி, தேவையான அளவு டெய்லரின் வாக்குகளைத் தள்ளுபடி செய்து, கோபெலை ஆளுநர் என்று அறிவித்தார்கள். தலைமை நீதிபதி ஹேசல்ரிக் படுக்கையருகே வந்து பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஆளுநராகக் கோபெல் செய்தது ஒன்றே ஒன்று: ராணுவம் வீடு திரும்ப வேண்டும் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். ராணுவம் கேட்கவில்லை.

ஒரே ஊரில் இரண்டு ஆளுநர்கள். இரு பக்கமும் ஆயுதம். அந்த வாரம் கென்டக்கியில் உள்நாட்டுப் போர் மூளாதது பெரிய விஷயம்.

பிப்ரவரி 3

இன்று அவர் இறந்த நாள். கடைசிச் சொற்களைப் பற்றி இரண்டு கதைகள். எளிய மக்களுக்கு விசுவாசமாக, அஞ்சாமல் இருங்கள் என்று நண்பர்களுக்குச் சொல்லச் சொன்னார் என்பது ஒன்று. சாகும்முன் சிப்பிக்கறி கேட்டுச் சாப்பிட்டவர், அந்தச் சிப்பி கெட்டது என்று மருத்துவரிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு, மற்றது பத்திரிகைகளுக்காகப் புனைந்தது என்பது மற்றொன்று. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. சுடப்பட்டுக் கிடக்கும் மனிதருக்கு நாக்கில் ருசி இருந்திருக்கிறது, சாவை மறந்து உணவைக் குறை சொல்ல முடிந்திருக்கிறது.

முதல் நாள் நான் "ஆம், திருட்டு" என்று எழுதினேன். இன்று அதை எப்படி எழுதுவேன்? ஹோட்டல் அறையில் எதிர்க்கட்சி இல்லாமல் கூடி வாக்குகளைத் தள்ளுபடி செய்தது அநியாயம். அவர் சுடப்பட்டதால் அது நியாயமாகிவிடாது. அதே சமயம், ரயில் நிறுவனத்தின் பணமும் ராணுவமும் மெல்லிய தாளும் இல்லாத ஒரு நேர்மையான தேர்தலில் 2,383 வித்தியாசம் நின்றிருக்கும் என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. திருட்டு என்ற சொல்லை விலக்கிக்கொள்ளவில்லை. திருடர் ஒருவர் மட்டும் என்று எண்ணியதை விலக்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4

கொலை வழக்கு. கண்டுபிடிப்பதற்குச் சட்டமன்றம் 1 லட்சம் டாலர் ஒதுக்கியது. அவ்வளவு பணம் மேசைமேல் இருந்தால் சாட்சிகள் எப்படி வருவார்கள் என்று யோசியுங்கள். 16 பேர்மேல் குற்றச்சாட்டு, மூன்று பேருக்குத் தண்டனை: மாநிலச் செயலாளர் கேலப் பவர்ஸ், ஹென்றி யூட்சி, ஜிம் ஹவர்ட். பவர்ஸை நான்கு முறை விசாரித்தார்கள். மூன்று முறை குற்றவாளி என்றார்கள், மேல் நீதிமன்றம் மூன்றையும் ரத்து செய்தது, நான்காம் முறை ஜூரிகளுக்குள் ஒற்றுமை இல்லை. 1908இல் குடியரசுக் கட்சி ஆளுநர் வில்சன் மன்னிப்பு வழங்கினார். சிறையில் எட்டு ஆண்டுகள் இருந்த பவர்ஸ், பிறகு காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். உண்மையில் துப்பாக்கியை இயக்கிய விரல் யாருடையது என்பது இன்றுவரை தீரவில்லை.

பிப்ரவரி 6

டெய்லர் என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோபெல் இறந்ததும் துணை ஆளுநரான பெக்கம் ஆளுநரானார், வயது 30. டெய்லர் விடாமல் நீதிமன்றம் போனார். மாநில உயர் நீதிமன்றம் ஏப்ரலில் பெக்கம் பக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1900 மே 21இல், ஆளுநர் பதவி ஒருவரின் சொத்து அன்று, மாநிலச் சட்டமன்றம் முடித்த விஷயத்தில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. டெய்லர் பக்கம் நின்றவர் நீதிபதி ஹார்லன் ஒருவர்தான், அவர் கென்டக்கிக்காரர்.

கொலை வழக்கில் தன் பெயரும் வரும் என்று அறிந்த டெய்லர் இண்டியானாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்த ஆளுநர்கள் அவரை ஒப்படைக்க மறுத்தார்கள். 1909இல் மன்னிப்பு கிடைத்த பிறகும் அங்கேயே வாழ்ந்து, 1928இல் இறந்தார். வாக்கெண்ணிக்கையில் வென்றவர் தன் மாநிலத்துக்கு வெளியே 28 ஆண்டுகள்.

பிப்ரவரி 9

ஒரு விளக்கம். ஜனவரி 11 கேள்வியில் "தோற்றவரைச் சட்டமன்றம் ஆளுநராக்கிய பிறகு சுடப்பட்டார்" என்று புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். வரிசை அப்படி அன்று. சுடப்பட்டது ஜனவரி 30, பதவி 31.

சட்டத்துக்கு என்ன ஆனது என்று கேட்டவருக்கு: 1900ஆம் ஆண்டிலேயே பெக்கம் சிறப்புக் கூட்டம் கூட்டி கோபெல் தேர்தல் சட்டத்தை மாற்றினார். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் நான்காயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்று, முதன்முறையாக மக்களின் வாக்கால் ஆளுநரானார்.

மாநிலத்தின் ஆளுநர் பட்டியலில் மூவரும் இருக்கிறார்கள்: 33 டெய்லர், 34 கோபெல், 35 பெக்கம். யாரையும் நீக்கவில்லை. மே மாதம் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு எழுத்தராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரியவரும் வருகிறாராம்.